‘கியர் பாக்ஸ் போச்சு சார்!’ உடனே நம்பிவிடலாமா?

விழுப்புரம் தாண்டும்வரை கார் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் டிக்கியில், பாட்டி முன்சீட்டில், பிள்ளைகள் பின்சீட்டில் தூக்கத்தில். திண்டிவனம் அருகே ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது ‘டக்’கென்று ஓர் உதறல். மீட்டர் போர்டில் மஞ்சள் நிறத்தில் பல்சக்கரம் போன்ற ஒரு விளக்கு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது. வேகம் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது.

“என்னங்க, முதல்ல ஓரமா நிறுத்துங்க.”

நிறுத்தி, அணைத்து, எல்லோரும் ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் விளக்கு இல்லை. கார் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. மதுராந்தகம் தாண்டி இன்னொரு மேம்பாலம். மறுபடியும் அதே உதறல், அதே விளக்கு. மிச்ச தூரத்தை இடதுபக்க ஓரமாகவே ஊர்ந்து வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை பட்டறை. மெக்கானிக் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்ன தீர்ப்பு: “பாக்ஸ் போச்சு சார். இறக்கித்தான் பார்க்கணும். ஒரு லட்சத்துக்கு மேல ஆகும்.”

ஊரும் பெயரும் மாறலாம். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. 2014-ல் மாருதி செலேரியோ ஏஎம்டி வந்த பிறகு, கிளட்ச் இல்லாத கார் என்பது பணக்கார வீட்டுச் சமாசாரமாக இல்லாமல் போய்விட்டது. காலில் வலி உள்ளவர்கள், சென்னை டிராஃபிக்கில் தினமும் நசுங்குகிறவர்கள், புதிதாக ஓட்டப் பழகும் இல்லத்தரசிகள் எனப் பலரும் அதற்கு மாறிவிட்டார்கள். ஆனால், பழுது என்று வந்தால் பழைய பயம்தான். கியர் பாக்ஸ் என்றாலே லட்சம்.

அந்த ஒரு லட்சத்தை எடுத்து வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கியர் மாறவில்லை என்பதற்கு கியர் தேய்ந்துவிட்டது என்று மட்டும் அர்த்தமில்லை. மாறச் சொல்லும் உத்தரவு போய்ச் சேராமலும் இருக்கலாம்.

நொண்டியடிக்கும் கார்

1939-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 1940-ம் வருட ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக ‘ஹைட்ரா-மேட்டிக்’ கியர் பாக்ஸை அறிமுகம் செய்தது. பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். எப்போது கியர் மாற்றுவது என்று தீர்மானிக்க அதில் கம்ப்யூட்டர் கிடையாது. எண்ணெயின் அழுத்தமே தீர்மானித்தது. வேகம் கூடினால் ஒரு பக்க அழுத்தம் கூடும், வால்வு நகரும், கியர் மாறும். அவ்வளவுதான்.

இன்றைய டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கிலும் கியரை மாற்றும் உழைப்பு எண்ணெயுடையதுதான். எந்த வழியில் எண்ணெய் போக வேண்டும் என்பதை முடிவுசெய்வது மட்டும் கம்ப்யூட்டர் கைக்குப் போய்விட்டது. கியர் பாக்ஸுக்கென்று தனியாக ஒரு கன்ட்ரோல் யூனிட்; டிசிஎம் என்பார்கள். காரின் வேகம், கியர் பாக்ஸுக்குள் சுற்றும் தண்டின் வேகம், எண்ணெயின் சூடு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள், லிவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று எல்லாத் தகவலும் சென்சார்கள் வழியாக அதற்குப் போகும். கணக்குப் போட்டு, சோலனாய்டு என்ற சின்ன மின்காந்த வால்வுகளுக்கு அது கரன்ட் அனுப்பும். வால்வு திறக்கும், எண்ணெய் ஓடும், கியர் மாறும்.

இந்தச் சங்கிலியில் ஒரு தகவல் வராவிட்டாலோ, ஒரு சோலனாய்டு பதில் சொல்லாவிட்டாலோ, டிசிஎம் விஷப்பரீட்சை செய்யாது. தவறான கியரைப் போட்டு உள்ளே இருக்கும் கிளட்ச்சுகளைக் கருக்குவதைவிட, எல்லா சோலனாய்டுகளுக்கும் கரன்ட்டை நிறுத்திவிடும். இதற்கு ‘லிம்ப் மோட்’ என்று பெயர். நொண்டியடித்தாவது வீடு போய்ச் சேர் என்று கார் சொல்கிறது.

கரன்ட் இல்லாதபோதும் எண்ணெய் ஒரு வழியில் ஓடத்தானே செய்யும்? அந்த வழியில் ஒரு கியர் கிடைக்கும்படி முன்கூட்டியே வடிவமைத்து வைத்திருப்பார்கள். பல கார்களில் அது இரண்டாவது அல்லது மூன்றாவது கியர், கூடவே ரிவர்ஸ். ‘ஒரே கியரில்தான் ஓடுகிறது, ஆனால் அந்தக் கியரில் நன்றாக இழுக்கிறது’ என்றால், எண்ணெய் பம்ப்பும் அந்தக் கியருக்கான கிளட்ச்சும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்த மெக்கானிக் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

முதலில் பேட்டரி, பிறகு பிரேக் லைட்

விவரமான எலெக்ட்ரீஷியன் எடுத்ததும் கியர் பாக்ஸ் பக்கமே போக மாட்டார். பேட்டரியில் மல்டிமீட்டரை வைப்பார். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். வோல்டேஜ் சரிந்தால் சோலனாய்டு முழு பலத்தோடு இழுக்காது. கன்ட்ரோல் யூனிட்டும் குழம்பும். வயதான பேட்டரி ஒன்று, ஸ்கேனரில் ஐந்தாறு கோளாறுகளை ஒரே நேரத்தில் கொட்டிவிடும். அவற்றைப் பார்த்து மிரண்டு கியர் பாக்ஸை இறக்குவது, மின்சாரம் போன வீட்டில் டி.வி-யைக் கழற்றுவதற்குச் சமம்.

லிவர் ‘பி’-யிலிருந்து நகரவே மாட்டேன் என்கிறதா? குழந்தையை காருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் லைட் எரியவில்லை என்றால் பாதி பதில் கிடைத்துவிட்டது. பிரேக்கை மிதித்தால்தான் லிவர் நகரும் என்பது பாதுகாப்புக்கான பூட்டு. மிதித்திருக்கிறீர்கள் என்று காருக்குச் சொல்வது பெடலுக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். பல கார்களில் பின்னால் விளக்கை எரியவைப்பதும் அதுவே. சுவிட்ச் போயிருக்கலாம், அல்லது அதன் பியூஸ். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் பில்லைத் தாண்டாது.

அதேபோல், ‘பி’-யில் ஸ்டார்ட் ஆகாத கார் ‘என்’-னில் வைத்தால் ஸ்டார்ட் ஆகிறதென்றால், லிவர் நிற்கும் இடத்தைச் சொல்லும் சென்சார் மீதுதான் முதல் சந்தேகம் போக வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். இதெல்லாம் மல்டிமீட்டர்கூட இல்லாமல் வீட்டு வாசலிலேயே தெரிந்துகொள்ளக் கூடியவை.

தெருப் பெயர் தெரியும், கதவு எண் தெரியாது

அடுத்து ஸ்கேனர். அமெரிக்காவில் 1996-ம் வருட மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 என்ற பொதுவான சோதனைமுறை கட்டாயமானது. பிறகு உலகம் முழுவதும் பரவியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினால் கோளாறு எண்கள் வரும். ‘பி 0700’ என்று வந்தால், “கியர் பாக்ஸ் பகுதியில் ஏதோ கோளாறு, அங்கே போய்க் கேள்” என்பதுதான் அதன் அர்த்தம். சாதாரண ஸ்கேனர்கள் இதோடு நின்றுவிடும். டிசிஎம்-முக்குள் நுழைந்து படிக்கும் ஸ்கேனர் இருந்தால் உண்மையான எண் கிடைக்கும். கோளாறு விழுந்த நொடியில் வேகம், சூடு, மிதி எவ்வளவு என்று பதிவான விவரமும் பெரும்பாலும் கூடவே கிடைக்கும். இந்தப் பதிவைப் பார்க்காமலேயே அழித்துவிட்டு, “கிளியர் பண்ணிட்டேன் சார், ஓட்டிப் பாருங்க” என்று அனுப்பும் பட்டறைகள்தான் ஏராளம். தடயத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு திருடனைத் தேடுவதுபோல.

பாட்டி வந்த காரை இரண்டாவதாக ஒரு இடத்தில் காட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வந்த எண் ‘பி 0750’. ‘ஷிஃப்ட் சோலனாய்டு ஏ’ கோளாறு. உடனே அந்த சோலனாய்டை வாங்கி மாட்டிவிடலாமா? இங்கேதான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள்.

அந்த எண் சொல்வது சோலனாய்டின் பாதையில் கோளாறு என்று. பாதை என்றால் டிசிஎம், அதன் சாக்கெட், அங்கிருந்து இன்ஜின் ஓரமாக வளைந்து வரும் வயர், கியர் பாக்ஸ் மீதுள்ள கனெக்டர், உள்ளே போகும் வயர், கடைசியில் சோலனாய்டு. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது தெருப் பெயர்தான். கதவு எண்ணை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“எப்போ வந்துச்சு? வண்டி சூடா இருந்ததா? எந்த ரோடு?” என்று அங்கே கேட்கிறார்கள். அப்பா யோசிப்பதற்குள் பாட்டி சொல்கிறார்: “ரெண்டு தடவையும் பாலம் ஏறும்போதுதாம்ப்பா.”

பட்டறையில் இதைவிட விலை உயர்ந்த தகவல் வேறு இல்லை.

பாதியைப் பாதியாக்கும் வித்தை

சோலனாய்டு என்பது செம்புக் கம்பிச் சுருள். அதற்கென்று ஒரு மின்தடை உண்டு. உதாரணமாக, பல டொயோட்டா கார்களில் திறந்து மூடும் வகை சோலனாய்டுகளுக்கு 20 டிகிரியில் 11 முதல் 15 ஓம் வரை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வகைக்கு 5 ஓம் சுற்றளவு. தயாரிப்பாளர் சொன்ன அளவு கையில் இருக்க வேண்டும்.

கியர் பாக்ஸ் எண்ணெயை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றி, சோலனாய்டில் நேரடியாக மீட்டரை வைப்பது ஒரு வழி. அனுபவசாலி அப்படிச் செய்வதில்லை. இக்னிஷனை அணைத்து, டிசிஎம்-மிலிருந்து சாக்கெட்டை உருவி, அந்தப் பின்னில் மீட்டரை வைப்பார். இங்கிருந்து பார்த்தால் மொத்தப் பாதையும் ஒரே அளவில் வந்துவிடும். 13 ஓம் காட்டினால் வயர், கனெக்டர், சோலனாய்டு மூன்றும் இந்த நிமிடத்தில் சரி. எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது கியர் பாக்ஸ் கனெக்டருக்குப் போய், அதன் கியர் பாக்ஸ் பக்கப் பின்னில் அளப்பார். அங்கே 13 வந்தால் உள்ளே எல்லாம் நலம், குற்றவாளி நடுவில் இருக்கும் வயர். ஒவ்வோர் அளவிலும் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். கைகூட எண்ணெய் ஆகாது.

பாட்டி வந்த காரில் 13.1 ஓம் காட்டியது. அதாவது கோளாறே இல்லை! பல பேர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். வந்து வந்து போகும் கோளாறு, நின்ற காரில் மாட்டாது.

சூட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால் வண்டியைச் சூடாக்கி அளக்க வேண்டும். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவிகிதம் கூடும். 20 டிகிரியில் 13 ஓம் காட்டிய சுருள், 90 டிகிரி எண்ணெயில் பதினாறரை காட்டுவது இயல்பு. 13-லேயே நிற்காததைப் பார்த்துக் குற்றம் சாட்டிவிடக் கூடாது. சூட்டில் திடீரென்று எண்ணே காணாமல் போனால் சுருளுக்குள் விரிசல்.

ஆனால் பாட்டி சொன்னது சூடு அல்ல, பாலம். ஏற்றத்தில் இன்ஜின் முக்கும்போது அது தன் ரப்பர் மவுன்டிங்குகள் மீது கொஞ்சம் சாயும். அதோடு கட்டிய வயர்களும் இழுபடும். மீட்டரை மாட்டியபடியே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வயர்க் கட்டை ஒவ்வொரு சாணாக வளைத்து, இழுத்துப் பார்க்கிறார். பேட்டரி தட்டுக்குக் கீழே, ஒரு இரும்புக் கிளிப் பக்கத்தில் கை வைத்தபோது மீட்டரில் 13.1 மறைந்தது. கையை விட்டால் திரும்ப வந்தது.

சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால், மேலுறை உரசி உள்ளே செம்பு பச்சை பூத்து, நூல் நூலாக அறுந்து கிடக்கிறது. ஓரிரு இழைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

இப்படி ஓரிரு இழை மிஞ்சிய வயர் மீட்டரை ஏமாற்றும். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரன்ட். அதற்கு ஒற்றை இழையே ராஜபாட்டை. நிஜமான கரன்ட் ஓடும்போதுதான் அது திணறும். அதனால்தான் ஓம் அளவை மட்டும் நம்பாமல், சுமையோடு வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பார்கள். எர்த் பட்டையைச் சோதிக்கவும் இதே வழி. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கியர் பாக்ஸ் உடம்புக்கும் இடையே, மின்சாரச் சுமை ஓடும்போது 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் நீரில் நின்ற கார்கள் எத்தனை! கனெக்டருக்குள் புகுந்த நீர் உடனே காட்டிக்கொடுக்காது. மாதக்கணக்கில் மெதுவாகப் பச்சை பூக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. எலி கடித்த வயர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தடியில் கார் நிறுத்தும் வீடுகளுக்கு அது தெரியும்.

விளக்குத் திரியில் ஏறிய எண்ணெய்

வயரில் வரும் கோளாறுகளில் உலகம் முழுக்க மெக்கானிக்குகள் ஆச்சரியத்தோடு சொல்லும் ஒன்று, மெர்சிடிஸ் பென்ஸின் ‘722.6’ என்ற ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கைப் பற்றியது. 1996 முதல் அந்த நிறுவனத்தின் பல கார்களில் வந்த, உழைப்புக்குப் பேர்போன கியர் பாக்ஸ் அது. அதற்குள் போகும் வயர்கள் 13 பின் உள்ள ஒரு பிளக் வழியாக நுழைகின்றன. எண்ணெய் வெளியே வராமல் தடுக்க அந்த பிளக் உறையில் இரண்டு ரப்பர் வளையங்கள்.

வருடங்கள் ஓடினால் ரப்பர் இறுகும். எண்ணெய் கசியும். கீழே சொட்டினால் தரையில் தெரியும். ஆனால், கொஞ்சம் எண்ணெய் பிளக்குக்குள் புகுந்து வயருக்குள்ளேயே ஏறத் தொடங்குகிறது. ஒரு வயருக்குள் பல மெல்லிய செம்பு இழைகள். அவற்றுக்கு இடையே மெல்லிய சந்துகள். குத்துவிளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலவே, இழை வழியாக மேலே ஏறி, சற்றுத் தொலைவில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடும். பிறகு கார் திடீரென்று லிம்ப் மோடுக்குப் போகும். அணைத்துவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால் இரண்டாவது கியரும் ரிவர்ஸும் மட்டும்.

இது தெரியாதவர் புது கன்ட்ரோல் யூனிட் வாங்கி மாட்டுவார். கொஞ்ச நாள் ஓடும். திரி அப்படியே இருப்பதால் எண்ணெய் மறுபடியும் ஏறும். தெரிந்தவர் முதலில் யூனிட்டின் சாக்கெட்டை உருவி, விரலால் தடவிப் பார்ப்பார். ஈரம் பட்டால், கியர் பாக்ஸ் அருகே இருக்கும் அந்தச் சின்ன பிளக் உறையை மாற்றி, வயரையும் சாக்கெட்டையும் சுத்தம் செய்வார்.

எண்ணெயும் மின்சாரமும் மோதிக்கொண்ட இன்னொரு சம்பவம் பெரிய அளவில் நடந்தது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன், ஏழு கியர் டிஎஸ்ஜி வகை கொண்ட சுமார் 16 லட்சம் கார்களை உலகம் முழுவதும் திரும்ப அழைத்தது. வெக்கையும் ஈரமும் அதிகமுள்ள ஊர்களில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில், சிந்தெடிக் எண்ணெய் காரணமாக கியர் பாக்ஸின் மின் இணைப்பில் கோளாறு வரலாம் என்பது காரணம். மருந்து? சிந்தெடிக்கை வடித்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றியது. பல் சக்கரத்தை யாரும் தொடவில்லை.

நிஜமாகவே பாக்ஸ் போயிருந்தால்

போகும், போகாமல் இல்லை. எண்ணெய் கறுத்துக் கருகல் நாற்றம் அடித்தால், வடித்த தொட்டியில் பளபளவென்று உலோகத் துகள்கள் கிடந்தால், எந்தக் கியரிலும் இன்ஜின் மட்டும் சுற்றிக் கார் நகரத் தயங்கினால், வயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்போது இறக்குவதுதான் வழி.

ஆனால், இறக்கலாம் என்று சொல்பவரிடம் சில கேள்விகளைக் கேட்க உரிமை உண்டு. டிசிஎம்-மில் என்ன எண் வந்தது, அதை ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா? பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு? எந்தப் பின்னில் என்ன ஓம் வந்தது? மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? பதில் சொல்பவருக்கு, கண்டுபிடிக்கும் வேலைக்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். டாக்டருக்கு ஃபீஸ் தருகிறோம், மெக்கானிக் இரண்டு மணி நேரம் மீட்டரோடு குனிந்து நின்றதற்குக் காசு கேட்டால் மட்டும் “ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு?” என்கிறோம். பாகம் மாற்றினால்தான் பணம் என்ற பழக்கத்தை உண்டாக்கியதில் வாடிக்கையாளர்களுக்கும் பங்கு உண்டு.

வழியில் லிம்ப் மோட் வந்துவிட்டால், அவசர விளக்கைப் போட்டு மெதுவாகப் பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம். திரும்பத் திரும்ப அணைத்து ஏமாற்றி ஹைவேயில் வேகமாக ஓட்ட வேண்டாம். முந்தும்போது கியர் பறிபோனால் உயிருக்கே ஆபத்து. கட்டி இழுக்க நேர்ந்தால், இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில் இன்ஜின் ஓடினால்தான் எண்ணெய் பம்ப் ஓடும். வறண்டு சுற்றினால், இல்லாத கோளாறு புதிதாக வந்து சேரும். மேடை வைத்த வண்டியைக் கூப்பிடுங்கள்.

அந்தக் காரில் அறுந்த இடத்தை வெட்டி, அதே கனத்தில் புது வயர் வைத்து, பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மாட்டி, உரசிய கிளிப்பை ஒரு விரல் தள்ளிக் கட்டினார்கள். கோளாறு எண்ணை அழித்ததும் கியர் மாறும்போது லேசாக இடித்தது. “கன்ட்ரோல் யூனிட் திரும்பக் கத்துக்கும் சார், கொஞ்ச நாள் நிதானமா ஓட்டுங்க” என்றார் எலெக்ட்ரீஷியன். சோதனை ஓட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த மேம்பாலத்தையே தேர்ந்தெடுத்தார்கள். நான்கு முறை ஏறி இறங்கியும் விளக்கு எரியவில்லை. ஐந்தாவது முறைக்குப் பாட்டியையும் முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனார்கள்.